டம்ளருக்கு ஒரு குடம்

அம்மா இறந்த மறுவாரம் அவளுடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘உங்களைக் காணோமே! உங்கள் டேட்டா பிளான் முடிந்துவிட்டது. இன்றே ரீசார்ஜ் செய்யுங்கள், எங்களோடு இணைந்தே இருங்கள்.’ கடைசியில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

அண்ணன் எட்டிப் பார்த்துப் படித்தான். “விடு. மெஷின் அனுப்பறது.”

எவனோ ஒருவன் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறான். எவனோ ஒருவன் அந்த மஞ்சள் முகத்தைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறான். நான் செல்பேசிக் கோபுரங்களில் வேலை பார்க்கும் பொறியாளர். இந்த நிறுவனம் இல்லை, வேறொன்று. மெஷின் தானாகச் செய்வது எது, மனிதன் செய்யச் சொல்லிவிட்டு மெஷின் மேல் பழி போடுவது எது என்று எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அம்மாவின் கைப்பை அறை மூலையில் இருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி, சாவி, பர்ஸ், ஒரு டாங்கிள். கட்டைவிரல் அளவுதான், லேப்டாப்பில் செருகினால் நெட் வரும். அதன் தலையில் விளக்கு எரியும் இடத்தை மறைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இதை ரீசார்ஜ் செய்யத்தான் அம்மா அன்று காலை மாடியிலிருந்து இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

“இதயம்,” என்றார் டாக்டர். அவர் படிப்புக்கு அது சரியான விடை.

நான் பையை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கடைக்குப் போனேன்.

“கனெக்‌ஷனை ரத்து பண்ணணும்.”

“கஸ்டமர் நேர்ல வரணும் மேடம்,” என்றார் கவுன்டர்காரர். நடுவயது. கழுத்தில் நிறுவனத்தின் அட்டை தொங்கியது. நான் இறப்புச் சான்றிதழை அவர் கீபோர்டு மேல் வைத்தேன். படித்தார். பெயரை இரண்டாம் முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் கேட்க விடவில்லை.

“எங்க கையெழுத்து போடணும்?”

காட்டினார். போட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே தயங்கினார். “மேடம், இந்த நம்பருக்கு ஒரு ஸ்பெஷல் ஆஃபர் இருக்கு. ரத்து பண்ணா வீணாப் போயிடும்.”

“யாருக்கு வீணாப் போகும்?”

“ஸ்க்ரீன்ல வந்தா சொல்லியே ஆகணும் மேடம். ரூல்.” குரல் இறங்கிவிட்டது. தாளை வாங்கித் தட்டில் போட்டார். “சாயங்காலத்துக்குள்ள கட் ஆகிடும்.”

வெளியே வந்தேன். மனசு ஆறவில்லை. இந்தக் கடையின் கதவைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஏன் என்று சொல்ல, அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா நீதிமன்றத் தட்டச்சர். வக்கீல் கேட்பது, சாட்சி உளறுவது, நீதிபதி முணுமுணுப்பது எல்லாவற்றையும் அப்படியே அடிப்பது வேலை. யாராவது வேகமாகப் பேசினால் அம்மாவின் இடது கை மேலே போகும். பேசுகிறவர் நிற்க வேண்டும். வக்கீல்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பிரேக் அம்மா’. “இன்னிக்கு பிரேக் அம்மாவா? அப்ப சாப்பாடு மூணு மணிக்குத்தான்,” என்று தாழ்வாரத்தில் பேசிக்கொள்வார்களாம்.

ஒருமுறை பெயர் பெற்ற வக்கீல் ஒருவர் அந்தக் கையை மதிக்காமல் பொழிந்து தள்ளினார். அம்மா விரல்களை விசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வாதத்தை முடித்து, வியர்வையைத் துடைத்து, உட்கார்ந்தார். பதிவை வாசிக்கச் சொன்னார் நீதிபதி. அம்மா எழுந்து வாசித்தாள்: “கனம் நீதிபதி அவர்களே.” தாளில் அவ்வளவுதான் இருந்தது.

அப்பா நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அந்தப் பத்து விரல்கள்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தன. வீட்டிலும் அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். விளக்கை அணைக்காமல் வெளியே வந்தால், “உள்ள யாருக்கு வெளிச்சம்? கொசுவுக்கா?” என்பாள். காஸை மூடி, குழாயை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கடைசியில்தான் கதவைப் பூட்டுவாள். பூட்டிய பிறகு ஒருமுறை திறந்து பார்ப்பாள்.

நீதிமன்றத்தில் அவளுக்குப் படிந்த இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு பக்கம் அடித்து முடிந்ததும் தாளை உருவி, பக்கத்தில் நிற்கும் குமாஸ்தாவிடம் நீட்டிவிட வேண்டும். அது கை மாறிய பிறகுதான் அடுத்த தாளைத் தொடலாம். மேஜையில் கிடந்தால் யாராவது படிப்பார்கள், யாராவது திருத்துவார்கள். முப்பது வருடம் அம்மா ஒரு பக்கத்தைக்கூட மேஜையில் கிடக்க விட்டதில்லை.

பிறகு மைக் வைத்தார்கள். பேசுவதெல்லாம் பதிவானது. தட்டச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நிறுவனம் குத்தகை எடுத்து, அதே தட்டச்சர்களுக்கு ஒலிப்பதிவை நெட்டில் அனுப்பி, வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்கச் சொன்னது. அம்மா சேர்ந்தாள். லேப்டாப் வாங்கினாள். அந்த நிறுவனத்துக்கு இரண்டு சட்டம். வழக்கு விவகாரம் என்பதால், பதிவு செய்த ஒரே ஒரு இணைப்பு வழியாகத்தான் வாங்கவும் அனுப்பவும் முடியும். வேறு யார் நெட்டிலும் அந்தக் கதவு திறக்காது. இரண்டாவது, மூன்று முறை கெடு தாண்டினால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

அம்மா குடியிருந்தது மொட்டை மாடி அறை. வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார். அதனால் கேபிள் கிடையாது. டாங்கிள் ஒன்றுதான் வழி.

“என் வீட்டுல சும்மாவே வைஃபை ஓடுது. வந்து இரேம்மா,” என்றான் அண்ணன். அண்ணியும் கூப்பிட்டாள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள்.

“அங்க வந்தா நான் விருந்தாளி, இல்லன்னா சமையல்காரி,” என்றாள் அம்மா. “ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு நாற்காலி போட உங்க வீட்டுல இடமில்லடா.”

அந்த ஒரு அறை, அந்த ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து சம்பாதிக்கும் வேலை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் டாங்கிளை அவள் வீட்டுக்கு மருமகள் பார்ப்பதுபோல் பார்த்தாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு விளம்பரத் தாளையும் கொண்டுவந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எனக்குப் போன் போடுவாள்.

“அன்லிமிடெட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்டி. பக்கத்துல எறும்பு சைஸ்ல ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ போனா, அங்க லிமிட் உக்காந்திருக்கு.”

“எல்லாக் கம்பெனியும் அப்படித்தாம்மா.”

“கூண்டுல ஏறி ஒரு சாட்சி இப்படிப் பேசினா உள்ள தள்ளிடுவாங்க. இவனுங்க போஸ்டர் ஒட்டறானுங்க.”

நான் கணக்குப் போட்டேன். ஒலிப்பதிவு இத்தனை, அனுப்பும் பக்கம் இத்தனை. இருப்பதிலேயே சின்ன பிளான் தாராளமாகப் போதும். அவளும் தனியாகப் போட்டுப் பார்த்து, “சரியாத்தான் வருது,” என்றாள். பின்னால் அந்தக் கணக்கை எத்தனையோ முறை திரும்பப் போட்டுவிட்டேன். தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் மாதம் பாதியிலேயே டேட்டா தீர்ந்தது. அம்மா எனக்குச் சொல்லவில்லை. நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே இருப்பவர் பல் கட்டுபவர். பல் டாக்டர்களுக்கு அச்செடுத்துப் பல் செட் செய்து கொடுப்பார். எப்போதும் கையெல்லாம் வெள்ளை மாவு.

“என் நெட்டை நீங்கதான் இழுக்கறீங்க,” என்றாளாம் அம்மா.

“எங்கிருந்தும்மா இழுக்கறது?”

“சீலிங் வழியா. நேர் மேல நான், நேர் கீழ நீங்க.”

“அம்மா, நான் பாட்டுக்கு யாரோ ஒரு தாத்தாவுக்குக் கடைவாய்ப்பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். உங்க நெட்டை வெச்சு என்ன செய்வேன்? செட்டுக்குள்ள வெச்சு அனுப்பவா?”

அவர் மேல் சந்தேகம் போக வெகு நாளாயிற்று. அதுவரை வேலை முடிந்ததும் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டினாள். டேட்டா அப்போதும் தீர்ந்தது. ஒருநாள் பாதிப் பக்கங்கள் போன நிலையில் தீர்ந்து, முதல் தாமதம் விழுந்தது. அடுத்த மாதமே இரண்டாவது. தட்டச்சு நிறுவனத்தின் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘தாமதம்: 2’ என்று ஏறியது. அன்றுதான் எனக்குப் போன் வந்தது.

“சிவப்புல எழுதி வெச்சிருக்கான்டி. என் பேருக்குப் பக்கத்துல.” அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “முப்பது வருஷம். ஒரு நீதிபதி, ஒரே ஒரு நீதிபதி என்னை லேட்டுன்னு சொன்னதில்ல.”

லீவு போட்டுக்கொண்டு போனேன். அவள் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஜன்னலில்தான் சிக்னல் நன்றாக வரும். அங்கே மேஜையைப் போட்டிருந்தாள். காதில் ஹெட்போன். ஒரு பக்கம் அடித்து முடித்தாள். டாங்கிளைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. பக்கத்தை அனுப்பினாள். டாங்கிளைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். அடுத்த பக்கம். செருகினாள், அனுப்பினாள், பிடுங்கினாள்.

“ஏம்மா ஒவ்வொரு தடவையும் பிடுங்கற?”

“மீட்டர் ஓடுதுல்ல?” நீல விளக்கைக் காட்டினாள். “வேலையில்லாதப்ப எதுக்கு எரியணும்?”

எனக்குப் புரிந்துவிட்டது. டாங்கிள் நிறுவனத்தின் விதிமுறையைத் தேடினேன். விளம்பரத் தாளில் இல்லை. பெட்டியில் இருந்த புத்தகத்தில் இல்லை. இணையதளத்தில், ஒரு பக்கத்துக்குள் ஒரு பக்கத்துக்குள் ஒரு பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை செருகுவதும் ஒரு தனி இணைப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் குறைந்தபட்ச அளவு ஐம்பது எம்பி. அதற்குக் கீழே எவ்வளவு செலவழித்தாலும் ஐம்பது என்றே எழுதிக்கொள்வார்கள். அம்மாவின் ஒரு பக்கம் ஒரு எம்பியில் நூறில் ஒரு பங்குகூட வராது.

சிக்கனமாக இருந்ததற்கு அபராதம். விளக்கை அணைத்ததற்கு அபராதம். அந்த விதியைப் படிப்பதற்கே ஒருமுறை செருக வேண்டும், அதற்கும் ஐம்பது.

கடைக்குப் போனோம். இதே கடை, இதே கவுன்டர், இதே ஆள். நான் பேச ஆரம்பித்தேன். அம்மாவின் இடது கை மேலே போனது. நின்றுவிட்டேன்.

“தம்பி,” என்றாள் அவரிடம், “நான் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா, ஒரு குடம் குடிச்சேன்னு எழுதுவீங்களா?”

“இல்லம்மா, அது... மினிமம் சார்ஜ் மாதிரி.”

“அப்ப ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு குடம்.”

“சிஸ்டம் அப்படித்தாம்மா எடுத்துக்கும்.”

“சரி, சிஸ்டத்தைக் கூப்பிடு. நான் பேசறேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. “நீங்க பிடுங்காம அப்படியே விட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லம்மா.”

“இதை முதல் நாளே சொல்ல உன் வாயில என்ன வெச்சிருந்த?”

அவர் புகார்ப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். புகார் எழுதிக் கொடுத்தோம். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அதிலும் ஒரு மஞ்சள் முகம்.

நான் கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்: செருகினால் செருகியபடியே இருக்கட்டும், வேலை முடிந்தபின் ஒரே ஒரு முறை பிடுங்கு. சரி என்றாள். அவளால் அது முடியவில்லை. எதிரில் ஒரு விளக்கு சும்மா எரிவதை அவளால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. கை தானாகப் போய்விடும். கடைசியில் விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். “கண்ணுக்குத் தெரியலன்னா கை சும்மா இருக்கும்டி. அந்த டாங்கிள் கம்பெனிக்காரனுங்களுக்குக் காயம்னு நெனச்சுக்கோ.”

அதன்பின் டேட்டா தீரவில்லை. மூன்றாவது தாமதம் விழவில்லை. ஆனால் மாதம் முடிந்தால் பிளான் முடியும். பிளான் முடிந்துவிட்டால் அவர்களுடைய ரீசார்ஜ் பக்கமும் திறக்காது. நெட்டுக்குப் பணம் கட்ட நெட் வேண்டும். இல்லையென்றால் படியிறங்கி, வெயிலில் நடந்து, கடைக்குப் போக வேண்டும். நான் இங்கிருந்தே கட்டிவிடுகிறேன் என்றால், “என் மீட்டருக்கு நான் கட்டிக்கறேன்,” என்பாள். ஒவ்வொரு மாதமும் அவள் அப்படித்தான் இறங்கினாள்.

காலையில் ரத்துக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் நான் அம்மாவின் அறைக்குத் திரும்பியபோது அண்ணன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். மேஜையும் நாற்காலியும் மட்டும்தான் மிச்சம். பழைய படங்கள் இருக்குமா என்று பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன்.

அவள் விட்ட இடத்திலேயே திறந்தது. தட்டச்சு நிறுவனத்தின் திரை. ஒரு சுவர்த் தகராறு வழக்கு. பெரிய விசாரணை என்பதால் நீண்ட கெடு கொடுத்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் அடித்து முடித்திருந்தாள். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி இரண்டு பக்கம் மட்டும் அனுப்பப்படாமல் நின்றது. மேலே கெடு எழுதியிருந்தது: இன்றைய தேதி, மாலை ஐந்து மணி. பக்கத்தில் சிவப்பில் ‘தாமதம்: 2’.

மணி மூன்றரை.

“என்ன?” என்றான் அண்ணன்.

சொன்னேன். அவன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டான். “அம்மாவே இல்ல. பேரை எடுத்தா என்ன, எடுக்கலன்னா என்ன?”

“‘தாமதம் காரணமாக நீக்கம்’னு எழுதுவாங்க. அம்மா பேருக்கு எதிர்ல கடைசியா இருக்கப் போறது அதுதான்.”

“யார் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்த்துட்டேன்ல?”

“போன் பண்ணிச் சொல்லிடேன், இந்த மாதிரின்னு.”

போட்டேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்,’ என்றது அந்தத் தட்டச்சு நிறுவனத்தின் பெண் குரல். பிறகு பாட்டு. பாட்டு முடிந்து மறுபடியும் மிக முக்கியம். அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கி அவன் காதில் வைத்துக் கேட்டான். இரண்டாவது ‘மிக முக்கியம்’ வந்ததும் அணைத்தான். அவனுக்கும் அம்மாவின் மூக்குதான், நுனி சிவந்துவிட்டது.

“டாங்கிள் எங்க?”

“பையில. காலையிலதான் போய் ரத்து பண்ணிட்டு வந்தேன்.”

என்னை முறைத்தான். “உனக்கு ஒரு நாள் பொறுக்க முடியலல்ல? அப்படியே அம்மா.” ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். “ஏறு.”

கடையில் கூட்டமில்லை. கவுன்டர்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“அந்த ரத்து வேண்டாம். திரும்பக் கொடுங்க,” என்றேன்.

“ரத்தை வாபஸ் வாங்கறதுன்னா கஸ்டமர்...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். தட்டைப் பார்த்தார். காலையில் போட்ட தாள் போட்ட இடத்திலேயே இருந்தது. “இன்னும் அனுப்பல மேடம். காலையிலருந்து இங்க நெட் இல்ல. இப்பத்தான் வந்துச்சு.”

நெட் விற்கிற கடையில் நெட் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

“இதுக்கு ஒரு பிளான் போடணும். ரெண்டு பக்கம் அனுப்பணும். இருக்கறதுலயே சின்னது எது?”

திரையை என் பக்கம் திருப்பினார். குடும்பப் பிளான், சினிமாப் பிளான், இரவுப் பிளான், மூன்று மாதப் பிளான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒருநாள் பிளான். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நிறுவனத்துக்கு இனி ஒரு காசு தரமாட்டேன் என்று காலையில் இதே வாசலில்தான் நினைத்தேன். பணத்தை எடுத்து வைத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “நீங்க குடத்தம்மாவோட பொண்ணுதானே?”

“யாரு?”

“இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம் மேடம். மாசாமாசம் ரீசார்ஜுக்கு வரும்போதெல்லாம், ‘தம்பி, இன்னிக்குக் குடமா டம்ளரா’ன்னு கேட்டுட்டுத்தான் பர்ஸைத் திறப்பாங்க.” தட்டிக்கொண்டே சொன்னார். “நெஜமா எங்களுக்கே அந்த ரூல் தெரியாது. அவங்க வந்து கத்தினப்புறம்தான் படிச்சோம். இப்ப வாங்கறவங்களுக்கெல்லாம் வாயால சொல்லிடறோம். பிடுங்கிப் பிடுங்கிப் போடாதீங்கன்னு.”

“தாள்ல போட்டீங்களா?”

“அது மேலிடம் மேடம்.”

“அப்ப வாயால சொல்றது மேலிடத்துக்குத் தெரிஞ்சா?”

“சொல்லாதீங்க மேடம்,” என்றார். டாங்கிளை என் பக்கம் நகர்த்தினார். பிளாஸ்திரி ஓரம் பிரிந்திருந்தது. அவர் கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்.

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபம். திட்ட ஆள் தேடி வந்தால் எப்போதும் இப்படி ஒருவரைத்தான் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் சந்து சந்தாக ஓட்டினான். மாடிப்படியில் பல் கட்டுபவர் எதிர்ப்பட்டார். அம்மாவை அன்று தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். கையில் மாவோடு ஒதுங்கி நின்றார். “என்னம்மா, ஓடறீங்க?”

“அம்மா வேலை பாக்கி இருக்கு,” என்றான் அண்ணன், என்னை முந்திக்கொண்டு.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மாவின் நாற்காலி எனக்குத் தாழ்வு. டாங்கிளைச் செருகினேன். விளக்கு தெரியவில்லை. பிளாஸ்திரிக்கு அடியில் நீலம் மங்கலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. திரை சுற்றியது, சுற்றியது, திறந்தது. முதல் பக்கத்தை அனுப்பினேன். போனது.

என் கை டாங்கிளைப் பிடித்திருந்தது. எப்போது போய்ப் பிடித்தது என்று தெரியாது. ஐம்பது எம்பி, ஒரு இணைப்பு, குறைந்தபட்ச அளவு எல்லாம் தெரிந்த கை.

“பிடுங்கிடாதே,” என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

விட்டேன். கடைசிப் பக்கத்தை அனுப்பும்முன் ஒருமுறை படித்தேன். சாட்சி ஏதோ சொல்கிறார். அவர் வேகமாகப் பேசியிருக்க வேண்டும். அம்மா அடைப்புக்குறிக்குள் அடித்திருந்தாள்: ‘தெளிவாக இல்லை. நிறுத்திக் கேட்க ஆளில்லை.’

அனுப்பினேன். போனது.

‘பெற்றுக்கொண்டோம். உரிய நேரத்தில் முடித்தமைக்கு நன்றி.’ சிவப்பு எழுத்து அப்படியே நின்றது: தாமதம் 2. மூன்று ஆகவில்லை. அண்ணன் மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது.

உடனே அடுத்த பெட்டி திறந்தது. புதிய ஒலிப்பதிவு தயார். ஏற்கிறீர்களா? ஆம், இல்லை.

இல்லை என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. உடல்நலம். விடுமுறை. தொழில்நுட்பக் கோளாறு. மற்றவை. செத்துப்போவதற்கு அங்கே கட்டம் இல்லை. மற்றவை என்பதை அழுத்தினால் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: ‘தட்டச்சர் இறந்துவிட்டார். வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். பதிவில் இருக்கும் இரண்டு தாமதமும் அவருடையவை அல்ல, அவருக்கு நெட் விற்றவர்களுடையவை. சிவப்பை எடுங்கள்.’

ஒரு வரிக்கு மேல் போகிறது என்றது. ‘சிவப்பை எடுங்கள்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். யோசித்தேன். அதை அழித்துவிட்டு, ‘அந்த இரண்டு தாமதமும் அவருடையவை அல்ல’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. எவனாவது படிப்பான். படிக்காமலும் போவான். அனுப்பிவிட்டேன்.

டாங்கிளைப் பிடுங்கினேன்.

“இன்னிக்கு முழுக்க இருக்குமே அந்தப் பிளான்,” என்றான் அண்ணன். “மிச்சம் வீணாத்தானே போகும்?”

“போகட்டும். முதல்தடவையா அவங்க கணக்குல ஒரு டம்ளர் நம்ம மிச்சம் வைக்கறோம்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது. திரும்பி நின்று மேஜையின் கால்களைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தான்.

நாற்காலியைக் கட்டாதே என்றேன். அது என்னோடு வரட்டும்.

ஜன்னலைச் சாத்தினேன். குழாயை இறுக்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன். டாங்கிளையும் ரத்துத் தாளையும் அம்மாவின் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கடை மூட நேரம் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு இறங்கினேன்.